கஹ்வாவின் வழக்கும் அல்ஜஸீரியின் நூலும்

காப்பி அருந்துவது மார்க்கத்தில் ஆகுமானதா என்று இன்று எவரும் கேட்பதில்லை. மீலாது மஜ்லிஸிலும் நிக்காஹ் வீட்டிலும் அது தடையின்றி வழங்கப்படுகிறது. ஆயின் ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டு முழுவதும் இக்கேள்வி உயிரோடிருந்தது. மக்காவில் இதற்காக உலமா சபை கூடிற்று; கெய்ரோவில் காப்பிக் கடைகள் தாக்கப்பட்டன; ஆதரித்தும் மறுத்தும் ஃபத்வாக்கள் எழுதப்பட்டன. அவ்வழக்கின் மிக விரிவான ஆவணமாக நம் கைக்குக் கிடைப்பது, அப்துல் காதிர் அல்ஜஸீரி அல்ஹன்பலீ (ரஹ்) அவர்கள் யாத்த ‘உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா’ என்னும் நூலாகும். தலைப்பிலேயே ‘ஹில்’ (ஆகுமாயிருத்தல்) என்ற சொல்லை வைத்து, தாம் எந்தப் பக்கம் என்பதை ஆசிரியர் ஒளிக்காமல் அறிவித்து விடுகிறார்.

இந்நூலைப் பற்றிப் பேசுவோர் இரு வகையினர். ஒரு சாரார், “உலமாக்கள் காப்பியைக் கூட ஹராம் என்றார்கள்” என்று நகைப்பதற்காக மக்கா நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக் கொள்கின்றனர். மேல்நாட்டுப் பயண இலக்கியங்களிலும் காப்பி வரலாறுகளிலும் இத்தொனி நிரம்ப உண்டு. மற்றொரு சாரார் நம்மவர்; “உலகுக்குக் காப்பியைத் தந்தது முஸ்லிம்களே” என்ற பெருமிதத்துக்கு இந்நூலைச் சான்றாக்குகின்றனர். இரு சாராரும் நூலை வாசித்ததாக எமக்குத் தோன்றவில்லை. முதற் சாரார் வழக்கின் முடிவை மறைக்கின்றனர். இரண்டாம் சாரார் வழக்கு என ஒன்று இருந்ததையே மறந்து விடுகின்றனர். ஒரு புதுப்பொருள் சமுதாயத்துள் நுழையும்போது அதன் ஹுக்மை (சட்ட நிலையை) எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு கண்டறியக் கூடாது என்பதே இந்நூலின் உள்ளடக்கம் என்பது எமது கருத்து. நாமும் அப்படியே வாசிக்க முற்படுகிறோம்.

அல்ஜஸீரி, எகிப்திலிருந்து புறப்படும் ஹஜ் பயணக் கூட்டத்தின் நிர்வாகத்தில் பணியாற்றியவர். ஹஜ் பாதைகளையும் அவற்றின் வரலாற்றையும் பற்றி ‘அத்துரருல் ஃபராயித் அல்முனழ்ழமா’ என்ற பெருநூலை எழுதியவரும் இவரே. இப்பின்னணி முக்கியமானது. பாடசாலையில் அமர்ந்து கிதாபுகளைப் புரட்டி மட்டும் எழுதியவரல்லர் இவர். கடிதங்களையும் ஆணைகளையும் பதிவேடுகளையும் கையாண்டு பழகியவர். அதனால்தான், எதிர்த்தரப்பின் ஆவணத்தைக் கிழித்தெறியாமல் நூலுக்குள் பதிந்து வைக்கும் குணம் அவரிடம் இருக்கிறது. தமக்கு முன் இதே பொருளில் எழுதிய இப்னு அப்தில் கஃப்ஃபார் என்பாரின் செய்திகளையும் எடுத்தாண்டு பாதுகாத்துத் தந்துள்ளார். ஐரோப்பாவில் இந்நூல் நம்மிடையே அறியப்பட்டதை விட முன்னதாகவே அறியப்பட்டது. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்த கலான், 1699இல் இதன் கைப்பிரதியை ஆதாரமாகக் கொண்டு காப்பியின் தோற்றம் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். தெ ஸாஸி 1806இல் வெளியிட்ட தமது அரபு வாசகத் தொகுப்பில் இதன் பகுதிகளைச் சேர்த்தார். ரால்ஃப் ஹட்டாக்ஸ் 1985இல் காப்பி, காப்பிக் கடைகள் பற்றி எழுதிய ஆய்வு நூல், இவ்வழக்கைச் சட்ட நோக்கில் நிதானமாக அணுகிய நல்ல முயற்சி.

கஹ்வா அருந்தும் வழக்கம் யமனின் ஸூஃபிகளிடமிருந்து பரவிற்று என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. ஏடனில் ஃபத்வா வழங்கும் பொறுப்பிலிருந்த முஹம்மது பின் ஸஈத் அத்தப்ஹானீ (மறைவு ஹி. 875), கடலுக்கு அப்பாலுள்ள ஆப்பிரிக்கக் கரையில் அதைக் கண்டறிந்து வந்து தம் வட்டத்தாரிடையே பரப்பினார் என்பது அல்ஜஸீரி தரும் செய்திகளுள் ஒன்று. மொக்காவில் அடங்கியிருக்கும் அலீ பின் உமர் அஷ்ஷாதுலீ (ரஹ்) அவர்களைச் சொல்வோரும் உண்டு. இரவு வணக்கத்தில் உறக்கத்தை விரட்ட அது உதவிற்று. கெய்ரோவுக்கு அது வந்து சேர்ந்ததும் அல்அஸ்ஹரின் யமன் மாணவர் பகுதி வழியாகத்தான். திங்கள், வெள்ளி இரவுகளில் சிவந்த மண்கலத்தில் கஹ்வாவை ஊற்றி வைத்து, தலைவர் சிறு அகப்பையால் மொண்டு வலப்புறத்திலிருந்து ஒவ்வொருவருக்காகக் கொடுக்க, திக்ரு ஓதிய வண்ணம் அவர்கள் அருந்தினர் என்று இப்னு அப்தில் கஃப்ஃபார் வருணிக்கிறார். எந்தச் சூழலில் பிறந்த பானம் எந்தக் குற்றச்சாட்டைச் சந்தித்தது என்பதை அறிய இவ்வருணனை போதும்.

இனி வழக்கு. ஹி. 917 (கி.பி. 1511) ரபீஉல் அவ்வல் மாதம். மம்லூக் ஆட்சியின் சார்பில் மக்காவில் முஹ்தஸிபாக (சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிப்பவராக) இருந்த காயிர் பேக், ஓர் இரவு தவாஃபை முடித்துத் திரும்புகையில், மஸ்ஜிதுல் ஹராமின் ஒருபுறத்தில் விளக்கு வைத்துக் கொண்டு சிலர் எதையோ சுற்றுக்கு விட்டு அருந்துவதைக் கண்டார். அவர்கள் மவ்லிதுக்காகக் கூடியவர்கள். இவரைக் கண்டதும் விளக்குகளை அணைத்தனர். ஐயம் பிறக்க அதுவே போதுமானதாயிற்று. விசாரித்தபோது, இது கஹ்வா என்ற பானம், மக்காவில் மதுக்கடைகளைப் போன்ற இடங்களில் விற்கப்படுகிறது, அங்கே இசையும் சூதும் நடக்கின்றன என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மறுநாள் காஜிகளையும் உலமாக்களையும் கூட்டினார்.

இச்சபையின் நடவடிக்கைக் குறிப்பை (மஹ்ளர்) அல்ஜஸீரி தம் நூலில் சேர்த்திருக்கிறார். நகைப்பவர்கள் இக்குறிப்பைக் கூர்ந்து படிக்க வேண்டும். கூடியிருந்த ஃபுகஹா எடுத்த எடுப்பில் காப்பியை ஹராம் என்று சொல்லவில்லை. கேள்வியை இரண்டாகப் பிரித்தனர். மது அருந்துவோரின் தோரணையில் கூடி அருந்துவது ஒன்று. அது தடுக்கப்பட்டதே என்றனர். பானம் என்ற பொருள் வேறொன்று. பொருள்களின் மூலநிலை ஆகுமாயிருத்தலே (அல்அஸ்லு ஃபில் அஷ்யாஇ அல்இபாஹா) என்பதால் அது தன்னிலையில் ஆகுமானது, உடலுக்கோ அறிவுக்கோ தீங்கு இருப்பது நிறுவப்பட்டாலன்றி, என்றனர். தீங்கு உண்டா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள் என்றும் கூறினர். இவ்வளவும் குறைகாண முடியாத ஃபிக்ஹு. அல்கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ‘ஸமாஉ’ பற்றிய பகுதியில் இதே பிரிவினையைச் செய்கிறார்கள்: புளிக்காடியும் தேனும் கலந்த ஸிகன்ஜபீன் என்ற பானம் ஐயமற ஹலாலானது, ஆனால் மதுச்சபையை அலங்கரித்து, மதுக்கிண்ணங்களில் அதை ஊற்றி, பணியாளை நிறுத்திச் சுற்றுக்கு விட்டால் அச்செயல் கூடாது என்பது அவர்களது தீர்ப்பு. தடை, தோரணைக்கு, பானத்துக்கன்று.

தவறு இதற்குப் பின் நிகழ்ந்தது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட மருத்துவர் இருவரும் சகோதரர்கள்; பாரசீக வழியினர். புன்னு (காப்பிக் கொட்டை) குளிர்ச்சியும் வறட்சியும் உடையது, சமநிலை உடலைக் கெடுப்பது என்றனர். சபையில் ஒருவர் இப்னு ஜஸ்லாவின் ‘மின்ஹாஜுல் பயான்’ என்ற மருந்து நூலைச் சுட்டி, அதில் வேறு விதமாக உள்ளதே என்றார். அந்த நூல் சொல்லும் புன்னு வேறு, இது வேறு என்று அவர்கள் விடையளித்தனர். பின்னர் சிலர் எழுந்து, தாம் அருந்தியபோது அறிவு மாறுபட்டதாகச் சாட்சியம் கூறினர். மக்காவின் முஃப்தி மறுத்துப் பேசினார். அவர் சொல் எடுபடவில்லை. ஹராம் என்று எழுதிக் கையொப்பமிட்டு, கெய்ரோவுக்கு அனுப்பினர். கொட்டைகள் எரிக்கப்பட்டன, விற்றவர்கள் தண்டிக்கப்பட்டனர். கெய்ரோவிலிருந்து சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரீயின் மறுமொழி வந்தபோது, அது தகாத கூட்டங்களைத் தடுக்கச் சொல்லிற்றேயன்றி, பானத்தை முழுமையாகத் தடை செய்யவில்லை. மறு ஆண்டே காயிர் பேக் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். மக்காவில் மீண்டும் கஹ்வா பகிரங்கமாக அருந்தப்பட்டது.

ஆக, சபை சட்டத்தில் தவறவில்லை, சாட்சியத்தில் தவறிற்று. அல்ஜஸீரியின் திறன் மிக ஒளிர்வது இவ்விடத்தில்தான். ஆதாரங்களை அவர் எதிர்க்கவில்லை; அவ்வாதாரங்கள் இப்பொருளுக்குப் பொருந்துகின்றனவா என்பதையே கேட்கிறார். போதை தருவதெல்லாம் மதுவே என்ற கருத்துடைய நபிமொழியை மறுப்பார் யார்? அபூதாவூதில் உம்மு ஸலமா (ரலி) வழியாக வரும், போதையூட்டுவதையும் உடலைத் தளரச் செய்வதையும் (முஃப்த்திர்) விலக்கும் அறிவிப்பும் தெரிந்ததே. கேள்வி, கஹ்வா இவ்விரண்டில் ஒன்றா என்பது. மயக்கம் தருவதற்கும் உறக்கம் தருவதற்கும் சித்தத்தைக் குழப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை மாலிகீ இமாம் அல்கராஃபீ (ரஹ்) அவர்கள் ‘அல்ஃபுரூக்’ நூலில் முன்னரே வகுத்திருந்தார்கள். அவ்வகுப்பில் கஹ்வாவை எங்கும் வைக்க இயலாது. அது தளர்ச்சிக்கு நேர் எதிரானதைச் செய்வது, விழிப்பைத் தருவது. விழிப்பும் ஒரு மாற்றம்தானே என்று வாதிட்டவர்கள் இருந்தனர். மாற்றம் ஒவ்வொன்றும் போதை என்றால் மிளகும் பூண்டும் கூட விசாரணைக்கு வர வேண்டும்.

போதையூட்டுகிறது என்று சாட்சி சொன்ன ஒருவர் பற்றிய செய்தியும் நூலில் உண்டு. மதுவைப் போலவே இதுவும் மாற்றத்தைத் தந்தது என்றாராம். மதுவின் சுவடு உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவே, முன்பு அருந்தியதை ஒப்புக்கொண்டு தண்டனைக்கு ஆளானாராம். வாசகர்கள் சிரித்துக் கடந்து விடும் இச்செய்தி, சாட்சியியலில் ஆழமான சிக்கலைத் தொடுகிறது. போதையை அறியாதவர் போதை என்று சாட்சி சொல்ல முடியாது. அறிந்தவரோ சாட்சிக்குரிய நேர்மையை (அதாலத்) இழந்தவர்.

பெயர் பற்றிய வாதமும் கவனத்துக்குரியது. ‘கஹ்வா’ என்பது பழைய அரபியில் மதுவின் பெயர்களுள் ஒன்று. உணவு வேட்கையைக் குறைப்பது என்ற பொருளில் இட்ட பெயர் என்று அகராதியாசிரியர்கள் விளக்குவர். பெயரே ஐயத்துக்கு ஒரு காரணமாயிற்று. பிற்காலத்தில் மக்கள் மதுவை வேறு பெயரிட்டு அருந்துவார்கள் என்று எச்சரிக்கும் நபிமொழியை நாம் அறிவோம். பெயர் மாறினால் மது ஹலாலாகி விடாது என்பது அதன் கருத்து. அவ்விதி மறுதிசையிலும் செல்லும்: மதுவின் பெயரைச் சுமந்ததால் மதுவல்லாதது மதுவாகி விடாது. இவ்விரண்டாம் திசையை நம்மிடையே பலரும் மறந்து விடுகின்றனர் என்பதைப் பின்னர் காண்போம்.

கெய்ரோ நிகழ்ச்சி மக்காவுக்கு நேர்மாறானது. அங்கே ஹி. 941 (1534-35) அளவில், அஹ்மது அஸ்ஸுன்பாதீ என்ற உபதேசியாரின் பேச்சால் கிளர்ந்த கூட்டம் காப்பிக் கடைகளை உடைத்து நொறுக்கிற்று. ஹனஃபீ காஜி முஹம்மது பின் இல்யாஸ் இதை விசாரித்தார். அவர் செய்தது எளிமையானது. தம் இல்லத்தில் கஹ்வாவைக் காய்ச்சச் செய்து, ஒரு குழுவினருக்கு வழங்கி, நெடுநேரம் அவர்களோடு பேசிக் கொண்டிருந்தார். எவருடைய பேச்சிலும் நடத்தையிலும் தடுமாற்றம் காணாததால் ஆகுமானது என்று உறுதி செய்தார். மக்காவில் கேள்வி கேட்டவர்கள் மருத்துவ நூலின் சொற்களில் விடை தேடினர். கெய்ரோவில் காஜி பொருளையே எதிரே வைத்துக் கொண்டார். ஒன்றின் மீதான தீர்ப்பு அதை உள்ளபடி அறிவதன் கிளையாகும் (அல்ஹுக்மு அலஷ் ஷையி ஃபர்உன் அன் தஸவ்வுரிஹி) என்று நாம் மாணவர்களுக்கு மனனம் செய்விக்கிறோம். அவ்விதிக்கு இதைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டவில்லை.

புகழ்ந்ததோடு நிறுத்துவது திறனாய்வாகாது. அல்ஜஸீரியின் நூலில் மூன்று குறைகள் எமக்குப் படுகின்றன. முதலாவது, தன் தரப்பு மருத்துவத்தை எதிர்த்தரப்பு மருத்துவத்தைச் சோதித்த அளவுக்கு அவர் சோதிப்பதில்லை. குளிர்ச்சி, வறட்சி என்றவர்களை மறுக்க வெப்பம், வறட்சி என்றவர்களைக் கொண்டு வருவதால் வழக்கு தீராது. அளவுகோலே ஐயத்துக்குரியதாய் இருக்கிறது. இரண்டாவது, பெரியோர் அருந்தினார்கள் என்பதை அவர் மிகையாகச் சார்ந்திருக்கிறார். நல்லடியாரின் பழக்கம் மனத்துக்கு ஆறுதல் தரும். உஸூலில் அது தனித்த ஆதாரமன்று. மூன்றாவது, நூலின் இறுதியில் கஹ்வாவைப் புகழ்ந்த கவிதைகளைத் தொகுத்தது. இலக்கியச் சுவைக்காக அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் கவிதையின் இன்பம் வாசகரைத் தீர்ப்பின்பால் சாய்க்கிறது. எதிர்த்தரப்பில் அத்தகைய கவிஞர்கள் குறைவு.

இக்குறைகளை உணர, அதே காலத்தில் மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ இமாம் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ், மறைவு ஹி. 974) அவர்களின் ஒரு சிற்றேட்டோடு ஒப்பிட வேண்டும். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈனின் ஆசிரியர் ஜைனுத்தீன் மலபாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியராக அறியப்படுபவர்கள் இவர்கள். எனவே தமிழக ஷாஃபிஈகளுக்கு இவர்களின் முறை அன்னியமன்று. யமனில் மெல்லப்படும் காத் இலை பற்றி இவர்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டது. அங்கிருந்து வந்த அறிக்கைகள் ஒன்றையொன்று மறுத்தன: மயக்குகிறது என்றனர் சிலர், உற்சாகம் மட்டுமே என்றனர் சிலர். இரு பக்கமும் நம்பத் தகுந்த அறிஞர்கள். ‘தஹ்தீருஸ் ஸிகாத்’ என்ற தலைப்பில் எழுதிய ஏட்டில், இத்தகைய முரண்பாட்டுக்கிடையே ஹராம் என்று அறுதியிட இயலாது, ஆயினும் பேணுதலுடையோர் விலகியிருப்பதே தகும் என்ற நிலையை மேற்கொண்டார்கள். ‘ஹராம்’ என்பதற்கும் ‘விலகுக’ என்பதற்கும் இடையே உள்ள நிலத்தை இவ்வளவு கண்ணியமாகக் காத்த ஏடு அரிது. கஹ்வாவில் ஆகுமென்ற பக்கமும் காத்தில் நிறுத்தமும் ஆக, அறிவு கிடைத்த அளவுக்குத் தீர்ப்பும் நகர்ந்தது. அல்ஜஸீரியிடம் இந்த நிறுத்தம் இல்லை. அவர் வழக்குரைஞர், இப்னு ஹஜர் (ரஹ்) நீதிபதி.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி நம் காலமும் அதே வழக்குகளை அடுக்கிக் கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டில், கோக்கோ கோலா என்ற எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் நபி (ஸல்) அவர்களையும் மக்காவையும் மறுக்கும் அரபுச் சொற்கள் தெரிகின்றன என்ற வதந்தி எகிப்தில் பரவிற்று. அந்நாட்டு முஃப்தி நஸ்ர் ஃபரீத் வாஸில் அவர்கள் அதை ஆராயச் செய்து, அவ்வெழுத்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இலத்தீன் எழுத்தில் உருவானது, அதில் இஸ்லாத்துக்கு எதிரானது ஒன்றுமில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பெயரை வைத்துப் பானத்தை வழக்குக்கு இழுப்பது ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஓயவில்லை. அதே பானத்தைப் பலஸ்தீனின் பொருட்டுப் புறக்கணிப்போர் உளர். அது அவர்களின் உரிமை, அதில் பாராட்டத் தக்க உணர்வும் உண்டு. ஆனால் புறக்கணிப்பை வலுப்படுத்த அதில் பன்றியின் சத்து இருக்கிறது, மது இருக்கிறது என்று ஆதாரமற்ற செய்திகளைக் கைப்பேசி வழியே அனுப்புவது வேறு காரியம். நாவுகள் புனைவதைக் கொண்டு இது ஹலால், இது ஹராம் என்று கூறுவதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் எச்சரிக்கிறது. நல்ல நோக்கம் அவ்வெச்சரிக்கையிலிருந்து எவரையும் விலக்கி விடாது.

மறுபுறம், நுட்பமான கேள்விகளும் உண்டு. 2008இல் கத்தாரில், ஆற்றல் பானங்களில் காணப்பட்ட 0.05 விழுக்காடு ஆல்கஹால் பற்றி யூஸுஃப் அல்கர்ளாவீ அவர்கள் இயற்கை நொதிப்பால் உண்டாகும் அச்சிற்றளவு தடையாகாது என்று கூற, சலசலப்பு எழுந்தது. இந்தோனேசியாவின் உலமா சபை 2018இல் வழங்கிய ஃபத்வாவில், மது வகையைச் சாராத பானங்களில் தீங்கில்லாத நிலையில் 0.5 விழுக்காட்டுக்குக் குறைந்த ஆல்கஹாலை எல்லையாகக் கொண்டது. அதிகம் போதை தருவதில் சிறிதும் கூடாது என்ற நபிமொழியைச் சிலர் இவற்றுக்கு எதிராக முன்வைக்கின்றனர். அந்நபிமொழி அதிக அளவில் அருந்தினால் போதையூட்டும் பானத்தைப் பற்றியது. எவ்வளவு அருந்தினாலும் போதையூட்டாத பானத்தில் அதைப் பொருத்துவது, மேலே கண்ட ‘பொருந்துகிறதா’ என்ற கேள்வியைத் தவிர்ப்பதே. ஆயினும் சுவையூட்டிகளைக் கரைப்பதற்கென ஆல்கஹாலைச் சேர்ப்பதும் பழத்தில் தானே உண்டாவதும் ஒன்றா என்பதில் நாம் அவசரப்பட விரும்பவில்லை. இங்கே இப்னு ஹஜரின் நிறுத்தம் எமக்கு உகந்தது.

காப்பியைக் கொண்டு கியாஸ் செய்து ஆற்றல் பானங்கள் அனைத்தையும் ஆகுமென்று விடுவோரையும் நாம் உடன்படவில்லை. இரண்டிலும் காஃபீன் இருக்கிறது. 1819இல் ரூங்கே என்ற செருமானிய வேதியியலாளர் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். மக்காவின் மருத்துவர்களுக்கு இல்லாத அளவுகோல் இன்று நமக்கு உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல், நலமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கவலைக்குரியதன்று என்றும், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராம் என்றும், சிறாருக்கு உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் என்றும் கருத்துரைத்தது. சந்தையில் பரவலாக விற்கும் 250 மில்லிலிட்டர் ஆற்றல் பானக் குவளை ஒன்றில் 80 மில்லிகிராம் உள்ளது. 25 கிலோ எடையுள்ள சிறுவன் ஒரு குவளையிலேயே தன் எல்லையைக் கடந்து விடுகிறான். அவனுடைய தந்தை இரண்டு கோப்பைக் காப்பியோடு எல்லைக்குள் இருக்கிறார். பொருள் ஒன்று, ஹுக்மை மாற்றும் தீங்கு (ளரர்) ஆளைப் பொறுத்து வேறு. தேன் சிலருக்கு ஒவ்வாது என்பதால் தேன் ஹராமாவதில்லை. ஒவ்வாதவருக்குத் தேனைப் புகட்டுவது ஆகுமாகி விடுவதும் இல்லை.

ஆகவே நம் ஊர்களில் இப்பானங்கள் பற்றி ஃபத்வா கேட்டு வருவோரிடம், அது ஆகுமா என்று விடையளிக்கு முன், அதை அருந்துபவர் யார், எத்தனை வயதினர், ஒரு நாளில் எத்தனை குவளை, குவளையின் மேல் அச்சிட்ட அளவு என்ன என்று கேட்டு எழுதிக் கொள்ளும் வழக்கத்தை முஃப்திகள் மேற்கொள்ள வேண்டும். மருத்துவரை அழைக்கையில் மக்கா சபையைப் போல் ஒரே குடும்பத்து இருவரோடு நிறுத்தாமல், மாற்றுக் கருத்துடையவரையும் அழைத்து, இருவர் கூற்றையும் அல்ஜஸீரி செய்தது போல் எழுத்தில் பதிந்து வைக்க வேண்டும்.